பெண்ணையாற்றின் இரு கரைகளிலும் ஒரு குடும்பம்: 1900க்கு முந்தைய பதிவேடுகளில் தேடுவது எப்படி?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். நான் திருப்பாதிரிப்புலியூரில் பள்ளி ஆசிரியை. எங்கள் சொந்த ஊர் கடலூர் தாலுகாவில், பெண்ணையாற்றுக்குத் தென்புறம் உள்ள ஒரு சிற்றூர். தலைமுறை தலைமுறையாகப் புஞ்சை உழுத குடும்பம். என் தாத்தாவின் தாத்தா ஒரு கொல்லையை (புஞ்சை நிலத்தை) வாங்கிய கிரையப் பத்திரம் பெரியப்பா வீட்டில் கிடைத்தது. விஜய வருஷம் ஆவணி மாதம் என்று எழுதி, பக்கத்திலேயே 1893 என்றும் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

வாய்வழியாக வந்த செய்தி மட்டும் உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில் பாகூர்ப் பக்கமிருந்து ஆற்றைத் தாண்டி வந்தோம் என்று ஆயா, அதாவது பாட்டி, சொல்வார். குலதெய்வக் கோயில் இன்றும் புதுச்சேரி எல்லைக்குள், பாகூர் ஏரிப் பாசனத்தில் உள்ள ஓர் ஊரில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே போய்ப் பொங்கல் வைக்கிறோம். ஆனால் அந்த ஊரில் எங்களுக்கு உறவென்று இப்போது யாரும் இல்லை.

1893இலிருந்து பின்னால் எப்படிப் போவது? பிறப்புப் பதிவேடு பார்க்கலாமா? மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெயர் இருக்குமா? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழுப்புத்தாள் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் நெடுங்காலம் பத்திர எழுத்தராக இருந்தவன். முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை விட்டுவிடுங்கள். சென்னை மாகாணம் முழுவதையும் 1871இல் எண்ணினார்கள், அதற்குப் பின் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணினார்கள். ஆனால் வீட்டுவாரியாகப் பெயர் எழுதிய தாள்களை வைத்திருக்கவில்லை. தாலுகாவில் எத்தனை பேர், என்ன தொழில் என்ற கூட்டுத்தொகைதான் அச்சில் நிற்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1899இல் வந்தது. அதற்கு முன்பு கிராம முன்சீப் எழுதிய கணக்கு உங்கள் ஊருக்குத் தப்பிப் பிழைத்திருந்தால் நற்பேறுதான். அதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

நிலத்தைப் பிடியுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் பெயர் நம்மைத் திசைதிருப்பும். கோவிந்தன் மகன் ராமசாமி, ராமசாமி மகன் கோவிந்தன் என்று மாறி மாறி வரும்போது எந்த ராமசாமி 1870, எந்த ராமசாமி 1930 என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

இந்தியா முழுமைக்குமான முதல் பத்திரப் பதிவுச் சட்டம் 1864இல் இயற்றப்பட்டு 1865 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் பதிவு கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘ஒன்றாம் புத்தகம்’ என்பது அசையாச் சொத்து ஆவணங்களுக்கானது. அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை. ஒன்றாம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் பெறலாம். இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975க்கு இப்பால்தான் கிடைக்கும். அதற்கு அப்பால் போக வேண்டுமானால் கையால் தேடும் மனுதான் வழி. ‘பழைய புத்தகமெல்லாம் இல்லை’ என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் உங்கள் கையிலிருக்கும் 1893 பத்திரத்தையே முழுவதும் படியுங்கள். விற்றவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று எழுதியிருக்கும். ‘பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட’ என்றிருந்தால் அவருடைய முன்னோர் சொத்து. ‘இன்னாரிடம் கிரையம் பெற்று’ என்றிருந்தால் முந்தைய ஆவணத்துக்கு வழி திறந்துவிட்டது. பிறகு சக்குபந்தி. நான்கு எல்லையிலும் யார் யார் நிலம் என்று இருக்கிறதோ அதை வார்த்தை மாறாமல் இங்கே எழுதுங்கள். பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பத்திரத்தை விளக்கின் கீழ் வைத்து மெதுவாகப் படித்தேன். சக்குபந்தி இப்படி இருக்கிறது:

‘இன்னார் பட்டாவிலுள்ள கொல்லைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு, கிரையம் பெறும் தாங்கள் முன்னமே அனுபவித்துவரும் கொல்லைக்கு மேற்கு, தங்கள் பங்காளி இன்னார் கொல்லைக்குத் தெற்கு.’

விஸ்தீரணம் ஒன்றேகால் காணி. சர்வே நெம்பர் ஒன்றும் பைமாஷ் நெம்பர் ஒன்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

பழுப்புத்தாள் எழுதியது:

பார்த்தீர்களா? 1893இல் அவர் வாங்கியது முதல் நிலம் அல்ல. கிழக்கே ஏற்கெனவே ஒரு கொல்லை வைத்திருந்திருக்கிறார். வடக்கே பங்காளி இருக்கிறார். பங்காளிக்கும் இவருக்கும் அடுத்தடுத்து நிலம் என்றால், இரண்டும் ஒரே நிலமாக இருந்து பாகம் பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கிழக்குக் கொல்லைக்கும் வடக்குக் கொல்லைக்கும் உரிய பத்திரங்களைத் தேடுங்கள். 1865க்கும் 1893க்கும் இடைப்பட்ட காலம். பெயர் அட்டவணையில் உங்கள் முன்னோர் பெயரை மட்டும் தேடாமல், பங்காளியின் பெயரையும் தேடுங்கள்.

அளவுச்சங்கிலி எழுதியது:

நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பைமாஷ் எண்ணும் சர்வே எண்ணும் ஒரே பத்திரத்தில் இருப்பது பெரிய வசதி. பலர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினி எடுத்துக்கொண்ட பிறகு இந்தப் பகுதி தென்னாற்காடு ஜில்லா ஆயிற்று. ரயத்துவாரி முறையில் பயிரிடுபவர் பெயரிலேயே பட்டா. அப்போதைய கரடுமுரடான அளவைக்குப் பைமாஷ் என்று பெயர். 1858க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் சங்கிலி பிடித்து ஒவ்வொரு வயலாக அளந்து, எண் கொடுத்து, ஏக்கர் சென்ட் கணக்கில் பதிவேடு எழுதினார்கள். அதைத்தான் செட்டில்மெண்ட் பதிவேடு என்கிறோம். சர்வே எண், பழைய எண், நஞ்சையா புஞ்சையா, மண் தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். உங்கள் கிராமத்துக்கான அச்சிட்ட பதிவேடு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள்.

கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு வழி. கடலூர்ப் பக்கம் ஒரு காணி 132 சென்ட். ஒன்றேகால் காணி என்றால் ஒரு ஏக்கர் 65 சென்ட். செட்டில்மெண்ட் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இதையொட்டிய அளவு இருந்தால் சரியான நிலத்தைப் பிடித்துவிட்டீர்கள். அரைக் காணி வித்தியாசம் வந்தால் உட்பிரிவு நடந்திருக்கிறது. எப்போது, ஏன் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பாகப் பிரிவினைதான் காரணம், அது உங்களுக்கு நல்ல செய்தி.

இன்றைய பட்டாவை வைத்துப் பின்னால் போக முயல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டா எண்கள் மாறின, பல இடங்களில் உட்பிரிவுகளும் மாறின. ஆகவே இன்றைய சிட்டாவிலிருந்து நேராக 1890க்குத் தாவ முடியாது. ஊரின் சர்வே எண்களை வரிசையாகக் காட்டும் இன்றைய அ-பதிவேட்டைப் பழைய அ-பதிவேட்டோடும், அதைச் செட்டில்மெண்ட் பதிவேட்டோடும் ஒப்பிட்டு ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். வயலின் அளவு வரைபடமான புலப்படம் கையில் இருந்தால் எண் மாறினாலும் வயலின் வடிவத்தைப் பார்த்து அடையாளம் காணலாம். வரப்பு லேசில் மாறுவதில்லை.

கணக்குகளில் பசலி ஆண்டுதான் இருக்கும். பசலியோடு 590 கூட்டுங்கள். பசலி 1303 என்றால் 1893 ஜூலை முதல் 1894 ஜூன் வரை.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, இதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இன்னொரு ஐயம். பத்திரத்தில் எண்களுக்கு நடுவே எனக்குப் புரியாத குறிகள் இருக்கின்றன. சில இடங்களில் ஒரு பெயருக்குப் பதிலாகவே ஒரு குறி நிற்கிறது.

ஏட்டுக்கூடம் எழுதியது:

அக்கா, ஓலையும் பழைய கணக்கும் படிக்கிற மாணவன் நான். பெயருக்குப் பதிலாக நிற்பது பெரும்பாலும் ௸ ஆக இருக்கும், அது ‘மேற்படி’. முதலில் சொன்ன ஆளையோ ஊரையோ மறுபடி எழுதாமல் இந்தக் குறியைப் போடுவார்கள். இதைக் கவனிக்காமல் படித்தால் யார் மகன் யார் என்பதே புரளும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௺ நெம்பர். கணக்கு நோட்டாக இருந்தால் ௶ பற்று, ௷ வரவு.

பின்னங்களில் எச்சரிக்கை வேண்டும். நில அளவில் காணி என்பது ஒரு பரப்பு. பின்னக் கணக்கில் காணி என்பது எண்பதில் ஒன்று. மா என்பது இருபதில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று. ஒரு கிணற்றில் ‘அரைக்கால் பங்கு’ என்று இருந்தால் எட்டில் ஒன்று. இந்தக் கிணற்றுப் பங்குகளை விட்டுவிடாதீர்கள். ஒரு கிணற்றை நால்வர் கால் கால் பங்காக வைத்திருந்து, அதில் ஒருவர் பங்கு இரண்டு அரைக்காலாக உடைந்திருந்தால், நான்கு சகோதரர்களில் ஒருவருக்கு இரண்டு மகன்கள் என்று கணிக்கலாம். வேறு ஆவணம் ஒன்றால் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருக்கும் இடத்தில் அறுபதாண்டுச் சுற்றை நினைவில் வையுங்கள். தாது 1876இலும் வரும், 1816இலும் வரும்.

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

எங்கள் ஊரைப் பற்றிய பேச்சு என்பதால் வந்தேன். கெடிலக்கரை அம்மா, உங்கள் குடும்பம் இங்கிருந்து போயிருந்தால் பாதி வரலாறு பிரெஞ்சு மொழியில் இருக்கிறது.

அந்தக் காலத்து எல்லையை இன்றைய வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கே தலை சுற்றும். பிரெஞ்சு ஊருக்கு அடுத்தது ஆங்கிலேயர் ஊர், அதற்கு அடுத்தது மறுபடி பிரெஞ்சு ஊர். பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் நீரில்தான் பாகூர் ஏரி நிறைகிறது. ஆறு ஒன்று, தண்ணீர் ஒன்று, கொடிதான் இரண்டு. சம்பந்தம் செய்வதற்கும் நிலம் வாங்குவதற்கும் மக்கள் எல்லையைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஆவணங்கள் எல்லைப்படிதான் பிரிந்து கிடக்கின்றன.

பிரெஞ்சுக்காரர்களின் சிவில் பதிவு நமக்கு ஒரு புதையல். ஒரு பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர், வயது, தொழில், ஊர் இருக்கும். தாயின் பெயர் இருக்கும். சாட்சிகளின் பெயரும் வயதும் தொழிலும் இருக்கும். சாட்சிகள் பெரும்பாலும் மாமனோ பங்காளியோ பக்கத்து வீட்டுக்காரரோதான். இறப்புப் பதிவில் இறந்தவரின் வயதோடு பெற்றோர் பெயரையும் கேட்டு எழுதுவார்கள். 1885இல் அறுபது வயதில் இறந்த ஒருவரின் பதிவு கிடைத்தால், 1825ஐ ஒட்டிப் பிறந்தவரையும் அவருடைய அப்பா அம்மாவையும் ஒரே தாளில் பார்த்துவிடலாம். ஆங்கிலேயர் பக்கத்துப் பட்டா இந்த உதவியைச் செய்யாது.

குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு இன்னொரு பிரதி பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776இலேயே அரச ஆணை உண்டு. அந்தப் பிரதிகள் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதன் இணையதளத்தில் பிரெஞ்சிந்தியாவின் பதிவேடுகள் படமாகவே கிடைக்கின்றன. கொம்யூனும் (பிரெஞ்சு உள்ளாட்சிப் பிரிவு) ஆண்டும் தெரிந்தால் வீட்டிலிருந்தே பக்கம் பக்கமாகப் புரட்டலாம். 1880இல் கொம்யூன்கள் அமைந்தபோது பாகூர் தனிக் கொம்யூன் ஆயிற்று, அங்கிருந்து தொடங்குங்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. நிர்வாகக் கோப்புகளுக்கு அங்கே விண்ணப்பிக்கலாம்.

தேடும்போது பெயரைப் பிரெஞ்சுக்காரன் காதால் கேளுங்கள். ராமசாமியில் வரும் சகரத்துக்கு ‘எஸ்’ இரண்டு போடுவார்கள். ஒன்று போட்டால் அவர்கள் வாயில் அது ஆங்கில ‘இசட்’ ஒலியாக அதிர்ந்துவிடும். உகரத்துக்கு ‘ஓ’வும் ‘யூ’வும் சேர்ந்து வரும். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சிலர் தங்கள் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றபோது புதிதாகக் குடும்பப் பெயரும் சூடிக்கொண்டார்கள். உங்கள் பங்காளிகளில் யாரேனும் அப்படிச் செய்திருந்தால் பழைய பெயரில் தேடினால் அகப்பட மாட்டார்கள்.

ஆற்றுமேடு எழுதியது:

இதுவரை எழுதிய எல்லோருக்கும் மரியாதை சொல்லிவிட்டுக் கேட்கிறேன். பட்டா, கிரையம், சக்குபந்தி, பாகப் பிரிவினை. நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களுடைய வரலாறு இது. அந்தக் கொல்லையை உழுதவர்கள் யார்? என் முன்னோர் தென்னாற்காட்டில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். என் தாத்தாவின் தாத்தாவும் விவசாயிதான். சேற்றில் இறங்கி நாற்று நட்டவர், ஏற்றம் இறைத்தவர். அவர் பெயர் எந்தச் செட்டில்மெண்ட் பதிவேட்டிலும் இல்லை. ‘நிலத்தைப் பிடியுங்கள்’ என்று ஐயா சொல்கிறார். எங்களுக்குப் பிடிக்க நிலம் எங்கே இருந்தது?

விவசாயக் குடும்ப வரலாறு என்று தலைப்பு வைத்து, பட்டாதாரர் வரலாற்றை மட்டும் எழுதினால் அது பாதி ஊரை அழித்துவிட்டு எழுதுவதாகும். இதைக் கோபமாக அல்ல, வருத்தமாகவே சொல்கிறேன். நானும் தேட விரும்புகிறேன். எனக்கு வழி உண்டா?

பழுப்புத்தாள் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்பது நியாயம். ஒன்றாம் புத்தகத்தில் உங்கள் முன்னோர் பெயர் கிடைக்காமல் போகலாம். ஆனால் சக்குபந்தியைப் பாருங்கள். நிலமில்லாதவருக்கும் குடியிருப்பு இருந்தது. சேரியை ஒட்டிய நிலங்களின் பத்திரங்களில் ‘இன்னார் குடியிருக்கும் மனைக்கு வடக்கு’ என்று எழுதியிருப்பார்கள். விற்றவரும் வாங்கியவரும் உங்களுக்கு வேண்டாதவர்களாக இருக்கலாம். எல்லையில் நிற்பவர் உங்கள் ஆளாக இருக்கலாம். சொத்து அட்டவணையின் வழியாக, குடியிருப்பைச் சுற்றியுள்ள சர்வே எண்களை எடுத்துத் தேட வேண்டும். உழைப்பு அதிகம், ஆனால் வழி இருக்கிறது.

அளவுச்சங்கிலி எழுதியது:

இன்னொன்று. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கையின் பேரில், 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வெளிவந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைப்பதற்கான ஆணை அது. அந்த நிலங்களைப் பஞ்சமி நிலம் என்கிறோம். பழைய அ-பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் டி.சி. நிலம் (தாழ்த்தப்பட்ட வகுப்பார் நிலம்) என்று குறித்திருப்பார்கள். ஒப்படைப்புப் பெற்றவர் பெயர் அதனோடு இருக்கும். உங்கள் ஊரின் பழைய அ-பதிவேட்டு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்த நிலம் இன்று வேறு கையில் இருந்தாலும், முதலில் பெற்றவர் யார் என்பதைப் பதிவேடு சொல்லும்.

கடல்வழி எழுதியது:

ஆற்றுமேடு அண்ணா, நிலமில்லாதவர்களை நுணுக்கமாக எழுதிய ஆவணம் ஒன்று உண்டு. அது கப்பல் பட்டியல். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கியது. ஆனால் கூலி உயரவில்லை, கடன் தீரவில்லை. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தென்னாற்காட்டுக்காரர்கள் நிறைய. சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன முதல் கப்பலான ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று பதிந்தார்கள். அந்தப் பட்டியல்கள் இன்று இணையத்தில் தேடக்கூடியவை. மொரீசியசுக்குப் போனவர்களின் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பலருக்குப் புகைப்படமும் உண்டு.

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக்கை அடைந்தது. ரெயூனியனுக்குப் போனவர்கள் இன்னும் அதிகம். பாகூரிலிருந்து பஞ்சத்தில் போனவர்களைத் தேடுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

பெண்கள் தங்கள் சொந்தப் பெயரில், தங்கள் தந்தை பெயரோடு பதிவானது இந்தப் பட்டியல்களில்தான். ஊரிலிருந்த பட்டாதாரர் வீட்டுப் பெண்ணுக்குக்கூட அந்தக் காலத்துப் பதிவேட்டில் இவ்வளவு இடம் கிடைக்கவில்லை.

ஆற்றுமேடு எழுதியது:

நன்றி தம்பி, நன்றி ஐயா. வீட்டில் ஒரு பேச்சு உண்டு, தாத்தாவின் சின்னத் தாத்தா ‘தீவுக்குப் போனவர் திரும்பவில்லை’ என்று. எந்தத் தீவு என்று யாருக்கும் தெரியாது. ஜில்லா, தாலுகா, கிராமம் என்று பட்டியலில் இருந்தால் எங்கள் ஊர்ப் பெயரை வைத்தே தேடுகிறேன். ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் எப்படி எழுதியிருப்பார் என்று எல்லா வகையிலும் எழுதிப் பார்க்கிறேன். ஆயினும் முன்னர் சொன்னதில் மாற்றமில்லை. ஊரை விட்டுப் போனவருக்குப் பக்கம் பக்கமாகப் பதிவு, ஊரிலேயே உழைத்துச் செத்தவருக்கு ஒரு வரியும் இல்லை என்பது எனக்கு ஆறவில்லை.

மஞ்சட்காணி எழுதியது:

நான் கடலூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். பெண்களைப் பற்றிய பேச்சு வந்ததால் சேர்க்கிறேன். பிறந்த வீட்டார் மகளுக்குக் கொடுத்த மஞ்சள்காணி நிலம் பத்திரமாகியிருந்தால், அதில் இரண்டு குடும்பங்கள் ஒரே தாளில் வரும். கணவனை இழந்தவர் விற்ற நிலத்தின் பத்திரம் இன்னும் விரிவானது. விதவைக்கு அந்தச் சொத்தில் முழு உரிமை இல்லாததால், குடும்ப அவசியத்துக்காக விற்கிறேன் என்று காரணம் காட்ட வேண்டியிருந்தது. கணவர் எப்போது இறந்தார், யாரிடம் எவ்வளவு கடன், எந்த மகளின் கல்யாணம் என்று வரிசையாக எழுதுவார்கள். வாங்குபவர் தன் பாதுகாப்புக்காகவே அதை வற்புறுத்துவார். நமக்கு அது குடும்ப வரலாறு.

பாகப் பிரிவினை வழக்கு நடந்திருந்தால் பிராதுடன் வம்சாவளி இணைத்திருப்பார்கள். 1910இல் நடந்த வழக்கின் வம்சாவளி 1830 வரை ஏறியிருக்கலாம். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பாணை நகல் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று பங்காளி வீடுகளில் கேளுங்கள். நீதிமன்றத்தில் தேடுவதைவிட அது எளிது.

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ஒரு செய்தி. பங்காளியின் பெயரைக் கொண்டு பெயர் அட்டவணையில் தேடச் சொன்ன வழி பலித்துவிட்டது. கிழக்குக் கொல்லைக்கும் வடக்குக் கொல்லைக்கும் சேர்த்து ஒரே கிரையம், 1871ஆம் ஆண்டு, பிரஜோற்பத்தி வருஷம். விற்றவர் ஒரு விதவை. மைனர் மகனுக்குக் கார்டியனாக நின்று, கையெழுத்துக்குப் பதில் கீறல் போட்டிருக்கிறார். கணவர் வைத்துவிட்டுப் போன கடனுக்காக விற்றிருக்கிறார். மஞ்சட்காணி சொன்னது அப்படியே இருக்கிறது.

வாங்கியவர்கள் இருவர், அண்ணன் தம்பி. தம்பிதான் எங்கள் முன்னோர். அண்ணன் வழியினர்தான் 1893இல் பங்காளி என்று வருபவர்கள். இருவருக்கும் தந்தை பெயர் எழுதியிருக்கிறது. இதுவரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத பெயர் அது. ஊர் என்ற இடத்தில் ‘பிரெஞ்சு எல்லையைச் சேர்ந்த’ என்று எழுதி, எங்கள் குலதெய்வக் கோயில் இருக்கும் அதே ஊரின் பெயர் நிற்கிறது.

ஆனால் இது 1871. பஞ்சம் 1876இல்தானே வந்தது? ஆயா சொன்னது அப்படியானால் என்ன?

பழுப்புத்தாள் எழுதியது:

அம்மா, மனம் குளிர்ந்தது. ஆயா சொன்னதைத் தள்ளாதீர்கள். பத்திரத்தில் எழுதும் ஊர் குடியிருக்கும் ஊர். 1871இல் நிலம் தென்கரையில் வாங்கியிருக்கிறார்கள், குடியிருப்பு பாகூர்ப் பக்கம். 1893 பத்திரத்தில் உங்கள் முன்னோருக்கு என்ன ஊர் போட்டிருக்கிறது?

கெடிலக்கரை எழுதியது:

எங்கள் இன்றைய ஊர்தான். தென்கரை.

பழுப்புத்தாள் எழுதியது:

அப்படியானால் 1871க்கும் 1893க்கும் நடுவில் குடிபெயர்ந்திருக்கிறார்கள். 1876 முதல் 1878 வரையிலான பஞ்சம் அதற்குள் அடங்குகிறது. நிலம் வாங்கியது முன்பு, ஆள் வந்தது பிறகு. பத்திரமும் ஆயாவும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஏரிப் பாசனத்தில் நஞ்சை, ஆற்றுக்கு அப்பால் புஞ்சை என்று இரண்டும் வைத்திருப்பது விவரமறிந்த குடியானவர் வேலை. இங்கே நெல், அங்கே கம்பும் கேழ்வரகும். ஏரி வறண்ட ஆண்டில் கொல்லையில் ஏதாவது கிடைக்கும். மணிலாவும் (நிலக்கடலை) அவுரியும் தென்னாற்காட்டுக் கொல்லைகளில் காசுப் பயிராக நின்ற காலமும் அதை ஒட்டியதே. மணிலா புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் வரை போயிற்று. ஆகவே பஞ்சத்துக்கு ஓடி வந்தவர்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அடுத்து அண்ணனைத் தேடுங்கள். அண்ணனும் குடிபெயர்ந்தாரா, இங்கேயே தங்கிவிட்டாரா? இங்கே தங்கி 1880க்குப் பிறகு இறந்திருந்தால், பாகூர்க் கொம்யூன் இறப்புப் பதிவில் பெற்றோர் இருவர் பெயரும் இருக்கும். தந்தை பெயர் உங்களுக்கு இப்போது தெரியும் என்பதால் ஆளை உறுதி செய்வது எளிது. தாயின் பெயர் அதில்தான் முதல்முறையாகக் கிடைக்கும். அண்ணன் பெயரையும் தந்தை பெயரையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பிரெஞ்சு எழுத்தில் எந்தெந்த வகையில் வரலாம் என்று எழுதித் தருகிறேன்.

கெடிலக்கரை எழுதியது:

அனுப்பிவிட்டேன் அண்ணா. அண்ணனுக்கு இரண்டு மகன்கள் என்று வடக்குக் கொல்லையின் கிணற்றுப் பங்கைப் பார்த்தால் தோன்றுகிறது, ஏட்டுக்கூடம் சொன்னது போலவே. அவர்களுடைய பெயரும் அட்டவணையில் இருந்தது, சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

ஆற்றுமேடு அவர்களுக்கு: 1871 பத்திரத்தின் தெற்கு எல்லையில் வாய்க்காலுக்கு அப்பால் மூன்று குடியிருப்பு மனைகளும் அவற்றில் இருந்தவர்களின் பெயர்களும் எழுதியிருக்கின்றன. உங்கள் ஊரும் எங்கள் தாலுகாதான் என்றால் ஊர்ப் பெயரைத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தின் நகலை அப்படியே அனுப்புகிறேன்.

ஆற்றுமேடு எழுதியது:

எங்கள் ஊர் விருத்தாசலம் தாலுகா, அம்மா. இருந்தாலும் அந்த மூன்று பெயர்களையும் இங்கே ஊர்ப் பெயரோடு ஒரு தனி இழையாக எழுதி வையுங்கள். அவர்கள் வழியில் வந்தவர் எவரேனும் ஒரு நாள் தேடி வரலாம். நானும் எங்கள் ஊர்ச் சக்குபந்திகளில் கிடைக்கும் மனைப் பெயர்களை அதே இழையில் சேர்க்கிறேன்.